தலைப்பிரசவம் வீட்டில் வேண்டாம், கண்ணு

அன்புள்ள கண்ணுவுக்கு,

"வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன், அம்மா" என்று நீ சொன்னதும் நான் பேச்சை மாற்றிவிட்டேன். கோபம் இல்லை. உடனே வாயைத் திறந்தால் பயம்தான் வெளியே வரும் என்று ஒரு வாரம் பொறுத்திருந்து எழுதுகிறேன்.

உன்னைப் பெற்ற ஆஸ்பத்திரியில் உன் பாட்டியை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். வலியில் கத்தினேன், அதட்டினார்கள். பிடித்துக்கொள்ள ஒரு கை இல்லை. அதனால் உன் ஆசை எனக்கு நன்றாகவே புரிகிறது.

ஆனால் நான் கிராமச் செவிலியராக இருந்தவள். 1986-இல் ஒரு தோட்டத்துச் சாளையில், இரண்டாம் பிரசவம். குழந்தை நலமாகப் பிறந்தது, நஞ்சுக்கொடியும் முழுதாக விழுந்தது. பிறகுதான் உதிரம் கொட்டத் தொடங்கியது. அடிவயிற்றைத் தேய்த்தேன், கையில் இருந்த ஊசியைப் போட்டேன். கர்ப்பப்பை மாவுருண்டைபோலத் தொளதொளவென்று இருந்தது, இறுகவே இல்லை. பால் வண்டியில் ஏற்றி, நாற்பது நிமிடமும் முஷ்டியால் அழுத்திக்கொண்டே போனேன். அவள் பிழைத்தாள். அந்த நாற்பது நிமிடம் இன்னும் என் கையில் இருக்கிறது.

நீ இருக்கும் இங்கிலாந்தில் நிலைமை வேறு என்பது தெரியும். பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் வீட்டுக்கே வருகிறார்கள். குழந்தை பிறக்கும் நேரத்தில் வழக்கமாக இருவர் இருப்பார்கள். உதிரம் கட்டும் ஊசி, குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் பை எல்லாம் கொண்டுவருவார்கள். உங்கள் நாட்டிலேயே சிக்கல் இல்லாத 64,000-க்கும் மேற்பட்ட பிரசவங்களைப் பார்த்து 2011-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இரண்டாம், மூன்றாம் பேறு என்றால் வீட்டில் பெற்றாலும் குழந்தைக்கு ஆபத்து கூடவில்லை. தலைப்பிரசவத்தில்தான் வித்தியாசம்: குழந்தை இறப்பதோ கடுமையாகப் பாதிக்கப்படுவதோ மருத்துவர்கள் இருக்கும் வார்டில் ஆயிரத்துக்கு 5.3, வீட்டில் 9.3. இரண்டுமே சிறிய எண்கள்தான். ஆனாலும் அந்த நான்கு பேரை என்னால் எண்ணாக நினைக்க முடியவில்லை. முதல் பிள்ளைக்கு வீட்டில் இருக்கத் திட்டமிட்டவர்களில் நூற்றுக்கு 45 பேரை ஆஸ்பத்திரிக்கு மாற்றவும் வேண்டியிருந்தது. பெரும்பாலும் வலி முன்னேறாததுபோன்ற காரணங்கள்தான், அவசரம் இல்லை. ஆனாலும் வலியோடு படியிறங்கி வண்டி ஏறப்போவது நீ.

அதனால் ஆஸ்பத்திரிக்கு உள்ளேயே மருத்துவச்சிகள் நடத்தும் பிரசவ மையத்தைப் பார். தலைப்பிரசவத்துக்கும் அங்கே குழந்தைக்கு ஆபத்து கூடவில்லை என்று அதே ஆய்வு சொல்கிறது. அறுவை சிகிச்சையும் குறைவு. தண்ணீர்த் தொட்டி இருக்கும், மாப்பிள்ளை பக்கத்திலேயே இருக்கலாம். மருத்துவர் வேண்டுமென்றால் ஒரு தாழ்வாரம் தாண்டினால் போதும். அடுத்த பிள்ளையை வீட்டில் பெற்றுக்கொள். நானே வந்து வெந்நீர் வைக்கிறேன்.

அப்படியும் வீடுதான் என்றால் இவற்றை உன் மருத்துவச்சியிடம் கேள்: நள்ளிரவில் இரண்டாமவர் உறுதியாக வருவாரா? ஆம்புலன்ஸ் கூப்பிட்டால் எத்தனை நிமிடம்? உன் ஹீமோகுளோபின் இப்போது எவ்வளவு? பதிலை எழுதி அனுப்பு, வாயால் சொன்னால் நீ பாதியை மறைப்பாய்.

லேகியத்துக்குச் சுக்கும் திப்பிலியும் வாங்கி மாடியில் காயவைத்திருக்கிறேன். விசா வந்ததும் பயணச்சீட்டு போடச் சொல்.

அன்புடன்,
அம்மா