ஒன்பது இருபதுக்கு ஒரு மிஸ்டு கால்

சபையாருக்கும், தேரிக்காட்டு போதை மீட்பு இல்லத்தாருக்கும், ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும், எங்கள் தெருக்காரர்களுக்கும் ஸ்தோத்திரம்.

போன வாரம் அசனப் பண்டிகையில் தம்பி கறிக்குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் வந்தானே, அன்றைக்கு அவன் போட்டிருந்தது அரைக்கைச் சட்டை. எத்தனை பேர் கவனித்தீர்களோ. இரண்டு வருஷமாகச் சித்திரை வெயிலில்கூட முழுக்கைச் சட்டைக்கு மணிக்கட்டு வரை பித்தான் போட்டுக்கொண்டு திரிந்தவன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். கவனித்தவர்களும் அந்தக் கையைப் பார்க்காததுபோல, "இன்னும் ரெண்டு துண்டு போடுப்பா" என்று இலையைத் தள்ளி வைத்தீர்கள். அன்று ராத்திரியே இதை எழுத உட்கார்ந்தேன். அழுகை விடவில்லை. இன்றைக்குத்தான் கை ஓடுகிறது.

எங்கள் வீட்டில் நடந்ததைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. பாதி ஊருக்கு அது தெரியும். மீதிப் பாதி நடக்காததையும் சேர்த்தே தெரிந்து வைத்திருக்கிறது.

முதலில் எல்லாருக்கும் சேர்த்து. பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமார், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அவன் பெயரைச் சொல்லாமல் "அந்த வீட்டுப் பிள்ளை" என்று சொன்னதற்கு. மெடிக்கல் ஷாப் அண்ணன், சீட்டு இல்லாமல் வலி மாத்திரை கிடையாது என்று சொன்ன குற்றத்துக்குக் கண்ணாடி உடைந்த பிறகும், நேரே ஸ்டேஷனுக்குப் போகாமல் எங்கள் வீட்டுக்கு வந்ததற்கு. வக்கீல் மாமா, போலீஸ் பிடித்துவிடும் என்று ஆஸ்பத்திரிக்கே போகப் பயந்த அம்மாவிடம், அடிமையானவன் தானாக வந்து சிகிச்சை கேட்டால் வழக்கிலிருந்து விலக்குக் கொடுக்க 1985 போதைப்பொருள் சட்டத்திலேயே இடம் இருக்கிறது என்று எடுத்துச் சொன்னதற்கு. 14446 என்ற இலவச எண்ணைக் காலண்டர் ஓரத்தில் எழுதிக் கொடுத்த அங்கன்வாடி டீச்சருக்கு.

டாக்டர் அம்மாவுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இதற்கு முன்னால் ஒரு "மறுவாழ்வு" இடத்தில் அவனை விட்டிருந்தோம். பெயர் வேண்டாம். அங்கே காலில் சங்கிலி. மாத்திரை என்றாலே விசுவாசக் குறைவு என்றார்கள். சங்கிலி போடுவதை 2017 மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது என்பதே நீங்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். உடம்பு நடுங்கி, மூக்கு ஒழுகி, வயிறு கழிந்து, கட்டிலை உதைத்துக்கொண்டு கிடந்த அந்த ஒரு வாரத்தை வார்டில் தாண்ட வைத்தீர்கள். ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி இருக்கிறது என்று வந்தபோது நாங்கள் இடிந்து உட்கார, "ஊசி மாத்திப் போட்டதால வந்தது, 12 வாரம் மாத்திரை, கவர்மென்டே சும்மா குடுக்குது, சரியாயிடும்" என்று மார்க்கெட்டில் கத்தரிக்காய் விலை சொல்வதுபோலச் சொன்னீர்கள். அந்தத் தொனிக்குத்தான் நன்றி. நீங்கள் சொன்ன இன்னொன்றை நான் யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன்: விட்ட பிறகுதான் ஆபத்து அதிகம். சில மாதம் நிறுத்தினவனுக்குப் பழைய அளவை உடம்பு தாங்காது, மூச்சு நின்றுவிடும். இல்லத்துப் பாஸ்டர் ஐயா அந்த 12 வார மாத்திரையையும் தன் பீரோவில் வைத்துப் பூட்டி, தினமும் காலைப் பலகாரம் முடிந்ததும் தன் கையால் கொடுத்தார். ஜெபித்துவிட்டுத்தான் கொடுப்பார். ஆனால் கொடுப்பார்.

நம் சபைப் போதகர் ஐயரவாளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தம்பி உள்ளே போய் மூன்று மாதத்திலேயே கன்வென்ஷன் மேடையில் அவனைச் சாட்சி சொல்ல வைக்கலாம் என்று கமிட்டியில் பேச்சு வந்ததாம். நீங்கள் மைக்கைக் கொடுக்க மறுத்துவிட்டீர்கள். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது, என் தம்பி எழுந்து நிற்பதை ஊர் பார்க்கட்டுமே என்று. இப்போது புரிகிறது. மேடையேறிக் கைதட்டு வாங்கின பிள்ளை மறுபடி விழுந்தால், திரும்பி வர அவனுக்கு வெட்கம் விடாது. எழுந்தவனை அவசரப்பட்டுக் காட்சிக்கு வைக்காததும் ஊழியம்தான்.

எல்லாரையும் இப்படி ஒரே மூச்சில் அடக்கியதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த மடல் பெரும்பாலும் இல்லத்துச் சமையல் அண்ணாச்சிக்கு.

தம்பியை அங்கே சேர்த்த அன்று மத்தியானம். திசையன்விளை தாண்டி, செம்மண் தேரியும் பனையுமாக வெயிலில் எரிந்துகொண்டிருந்தது. முதல் 40 நாள் பார்க்கக் கூடாது, போனில் பேசக் கூடாது என்பது அங்கே சட்டம். பையைச் சோதித்து, பெல்ட், ஷேவிங் செட், சென்ட் பாட்டில் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கேட்டுக்கு வெளியே ஒரு கையில் பெல்ட்டும் இன்னொரு கையில் சென்ட்டுமாக நின்றேன். அம்மாவுக்கு முடியவில்லை, வரவில்லை. கடையிலிருந்து அரைநாள் லீவு சொல்லி யூனிஃபார்ம் சேலையோடே வந்திருந்தேன்.

அடுப்படிப் பக்கத்திலிருந்து தோளில் துண்டோடு ஒருவர் வந்தார். கை நிறைய வெங்காய வாடை. என் சேலையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"தங்கச்சி, கட எத்தன மணிக்கு அடைப்பாங்க?"

"ஒம்பதே காலுக்கு அண்ணாச்சி."

"அப்பம் ஒம்பது இருபதுக்கு ஒரு மிஸ்டு கால் விடுதேன். எடுத்துராதீய. எடுத்தா பேச்சாயிரும், பேச்சுன்னா சட்டத்த மீறுன கணக்கு. மணி அடிச்சா, தம்பி சாப்ட்டு படுத்துட்டான்னு அர்த்தம்."

அவ்வளவுதான். நம்பரை வாங்கி, அரிசி மூட்டைச் சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் நம்பவில்லை. நாற்பது பேருக்கு ஆக்கிப் போடுகிற மனுஷனுக்கு இது எங்கே ஞாபகம் இருக்கும்? அன்று ராத்திரி கல்லாவில் ஐந்நூறு ரூபாய்க் கட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பது இருபது. டிராயருக்குள் போன் இரண்டு தடவை அதிர்ந்து நின்றது. எண்ணிக்கை தப்பிப்போய் முதலிலிருந்து எண்ணினேன்.

பிறகு தினமும். கடையில் கூட நின்ற பிள்ளைகளுக்குச் சந்தேகம். "யாருக்கா அது, நேரம் தவறாம அடிக்குது, நீங்களும் எடுக்கவே மாட்டேங்கீங்க, சிரிக்க வேற செய்றீங்க?" ஒருத்தி மாப்பிள்ளை வீடு வரைக்கும் போய்விட்டாள். நான் வீட்டு வாசல் ஏறும்போதே அம்மா கேட்பாள், "மணி அடிச்சுதா?" கோயில் மணியைக் கேட்பதுபோல. அடிச்சுதும்மா என்றால்தான் தட்டில் சோறு விழும்.

பதினேழாவது நாள் அடிக்கவில்லை.

ஒன்பதரை, பத்து, பதினொன்று. திரும்பக் கூப்பிடவும் முடியாது, எடுத்தால் சட்டத்தை மீறின கணக்கு. அம்மா ஜெபிக்கவும் இல்லை, அழவும் இல்லை, வாசல்படியில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலை ஐந்தே காலுக்கு மணி அடித்தது. வழக்கம்போல இரண்டே அதிர்வு.

அன்று என்ன நடந்தது என்று நாற்பது நாள் முடிந்து போனபோது தம்பிதான் சொன்னான். ஒன்பது மணிக்குச் சுவர் ஏறிக் குதித்திருக்கிறான். அண்ணாச்சி பார்த்துவிட்டார். கூச்சல் போடவில்லை, ஆள் கூப்பிடவில்லை, பிடிக்கவும் இல்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு பத்தடி பின்னாலேயே நடந்திருக்கிறார், அவன் காலடியில் வெளிச்சம் விழுகிற மாதிரி. தேரியில் ராத்திரி விரியன் கிடக்கும். பஸ் நிறுத்தத்துக்குப் போனால் கடைசி வண்டி போய்விட்டது, அடுத்தது விடியற்காலைதான். இரண்டு பேரும் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். போன் அடுப்படியிலேயே கிடந்திருக்கிறது, அதுதான் மணி அடிக்காத காரணம்.

ராத்திரி முழுக்க அண்ணாச்சி உபதேசம் எதுவும் பண்ணவில்லையாம். கதை சொன்னாராம். "அமெரிக்கால ஒரு பாஸ்டர், 1958ல, கொலக் கேசுல மாட்டுன பயலுவளுக்காகப் பேசணும்னு பைபிளும் கையுமா நியூயார்க் கோர்ட்டுக்குள்ள போனாராம். புடிச்சி வெளிய தள்ளிட்டானுவோ. பேப்பர்ல போட்டோ போட்டு நாறடிச்சுட்டானுவோ. ஆனா தெருவுல நின்ன பயலுவோ அந்தப் போட்டோவப் பாத்துட்டு, போலீசுக்குப் புடிக்காத ஆளுன்னா நம்ம ஆளுதாம்னு சேத்துக்கிட்டானுவளாம். அப்பிடித்தாம்ல இந்த மாரி வீடுவளே வந்துது." டேவிட் வில்கர்சனைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார். பெயர் அவருக்கு வாயில் நுழையாது. பிறகு தன் கதை, கள்ளச் சாராயத்தில் தொடங்கிப் பெண்டாட்டி பிள்ளையைத் தொலைத்தது வரை. முதல் வண்டி வெளிச்சம் தூரத்தில் தெரிந்ததும் எழுந்து, "நான் போயி உளுந்து அரைக்கணும். நீ வாறியா, ஏறுதியா?" என்று கேட்டாராம். பஸ் நின்று, ஆள் ஏறாததால் கண்டக்டர் திட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

அதைக் கேட்டபோது எனக்குத் தம்பி மேல் இரக்கம் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எரிச்சல்தான் வந்தது. இரண்டு வருஷம் இந்த வீட்டில் எத்தனை ராத்திரி அவன் பின்னால் நான் நடந்திருக்கிறேன், டார்ச் இல்லாமல்? செயின் போனது, கம்மல் போனது, இரண்டு முறை பெண் பார்க்க வந்தவர்கள் தெருமுனையிலேயே விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். கெட்ட குமாரன் கதையைச் சின்ன வயசிலிருந்து ஞாயிறு பள்ளியில் படித்திருக்கிறேன். சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்து, தகப்பன் வீட்டில் விருந்து வாங்கின இளையவனைப் பற்றியே எல்லாரும் பிரசங்கம் பண்ணுவார்கள். வயலில் வேலை பார்த்துவிட்டு வந்து, உள்ளே ஆடல் பாடல் சத்தம் கேட்டு, வாசலிலேயே நின்றுவிட்ட மூத்தவன் நான்.

முகத்தில் தெரிந்திருக்கும்போல. அன்று பார்வையாளர் பந்தலில் எல்லாருக்கும் தட்டு வைத்துக்கொண்டு வந்த அண்ணாச்சி, என் பக்கத்தில் வந்து குனிந்து, "தம்பி எங்கயும் ஓடிற மாட்டான். நீங்க மொதல்ல சாப்புடுங்க" என்று முருங்கைக்கீரையும் கருவாடும் வைத்தார். அப்பளம் ஒன்று கூடுதலாக. அந்தக் கதையில் தகப்பன் இளையவனைக் கண்டு ஓடினதை எல்லாரும் சொல்கிறோம். மூத்தவனைக் கூப்பிடவும் அதே தகப்பன் வெளியே வந்தான் என்று லூக்கா எழுதியிருப்பதை எனக்கு அப்பளத்தோடு அண்ணாச்சிதான் ஞாபகப்படுத்தினார். முதல் நாள் கேட்டுக்கு வெளியே வந்ததும் அவர்தானே.

மூத்தவன் உள்ளே போனானா இல்லையா என்று வேதத்தில் இல்லை. போன வாரம் அசனத்தில் நான் பந்தியில் உட்கார்ந்தேன். தம்பி வாளியோடு என் இலைக்கு வந்தபோது கரண்டி கொஞ்சம் நடுங்கிற்று. எலும்பாகப் பார்த்துப் போட்டான், எனக்குப் பிடிக்கும் என்று. சாப்பிட்டேன்.

அண்ணாச்சி, இந்த மிஸ்டு கால் விஷயத்தை நீங்கள் பாஸ்டர் ஐயாவிடம் முதல் நாளே சொல்லி அனுமதி வாங்கியிருந்தீர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. ஏதோ திருட்டுத்தனம் பண்ணுகிற மாதிரி நாங்கள் 40 நாள் மூச்சடக்கிக்கொண்டிருந்தோம்! நன்றி என்று சொன்னால் "ரீசார்ஜ் பண்ணி விடுங்க" என்று சிரிப்பீர்கள். பண்ணிவிட்டேன், ஒரு வருஷத்துக்கு. எங்கள் தெருவில் இன்னொரு வீடு இருக்கிறது, எந்த வீடு என்று எழுதமாட்டேன். அந்தப் பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போது கூட நான் வருகிறேன் என்று அவன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவளுக்குப் போன் கிடையாது. அவள் வீட்டு மணியை என் போனுக்கே அடியுங்கள், எந்நேரமானாலும் போய்ச் சொல்லிவிடுகிறேன்.

தம்பி ஒன்பது மாதமும் முடித்து வந்து இப்போது லேத் பட்டறையில் வேலைக்குப் போகிறான். ஓவர்டைம் என்றால் வர நேரமாகும். அந்த மாதிரி முதல் நாள், ஒன்பது இருபதுக்கு டிராயருக்குள் போன் இரண்டு தடவை அதிர்ந்தது. பார்த்தால் அவன் நம்பர். நான் எடுக்கவில்லை.

சில நாள் மறந்துவிடுவான். அன்றைக்கெல்லாம் அம்மா பழையபடி வாசல்படியில் உட்கார்ந்துவிடுகிறாள், நானும் சாப்பிடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், சைக்கிள் சத்தம் கேட்கும் வரை.

இப்படிக்கு,
அவன் அக்கா