பனிமலையில் ஒரு கலப்பை

வின்டர்தூர், சுவிட்சர்லாந்து,
பிப்ரவரி 23

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்கள், அம்மா, அண்ணன், மதினி எல்லோரும் சுகம்தானே? கொடிக்காலுக்குத் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா? வாரம் தவறாமல் போனில் பேசினாலும், "போனில் சொன்னது காதோடு போயிரும், காகிதத்துல எழுது" என்பீர்களே, அதனால்தான் இந்தக் கடிதம். அம்மாவிடம் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். பனிச்சறுக்குக்குப் போன இடத்தில் விழுந்தேன், பல தடவை விழுந்தேன், ஆனால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது முட்டியில் கொஞ்சம் கன்றிப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

அலுவலகத்தில் ஒன்பது பேர் சேர்ந்து கிரின்டெல்வால்ட் என்ற மலையூரில் ஒரு மரவீட்டை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்திருந்தோம். மற்ற எட்டுப் பேரும் நாலு வயசு, அஞ்சு வயசிலேயே சறுக்கப் பழகியவர்கள். நான் ஐந்து வருஷத்துக்கு முன்னால் மூன்று நாள் கற்றுக்கொண்டு அதோடு விட்டவள். கற்றது பாதி மறந்துவிட்டது, அன்றைக்கு விழுந்த பயம் மட்டும் அப்படியே இருந்தது. போகவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். தோழி ஒருத்தி விடவில்லை.

இன்டர்லாக்கனில் ரயில் மாறி அந்த ஊருக்குப் போகவேண்டும். அங்கிருந்து மேலே கிளைனே ஷைடெக் என்ற கணவாய்க்குப் பல்சக்கர ரயில் ஏறுகிறது, 1893-லிருந்து ஓடுகிறதாம். ஊட்டி ரயிலில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அந்தப் பல்தண்டவாளத்தை எனக்குக் காட்டினீர்களே, அதே மாதிரிதான். ஒரு சேதி தெரியுமா அப்பா? அந்த ஊட்டி ரயிலின் பழைய நீராவி என்ஜின்களைச் செய்தது இப்போது நான் குடியிருக்கும் இந்த வின்டர்தூர் ஊரில்தான். தெரிந்த நாளிலிருந்து இந்த ஊர் எனக்குக் கொஞ்சம் நெருக்கமாகிவிட்டது.

அந்தக் கணவாயின் உயரம் 2,061 மீட்டர். கிட்டத்தட்ட நம்ம கொடைக்கானல் உயரம்தான். ஆனால் நாம் பூமத்திய ரேகையிலிருந்து 10 பாகை வடக்கே இருக்கிறோம், இது 46 பாகைக்கும் மேலே. அதனால் கொடைக்கானலில் ஸ்வெட்டர் போடும் உயரத்தில் இங்கே இடுப்பளவு பனி கிடக்கிறது. எதிரே ஐகர் மலை, 3,967 மீட்டர், செங்குத்தான கருப்புப் பாறைச் சுவராக நிற்கிறது. யானைமலை படுத்திருக்கிற யானை என்றால் இது எழுந்து நிற்கிற யானை. முதல் நாள் அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றுவிட்டேன்.

சறுக்குப் பலகை வாடகைக் கடையில் எடை, உயரம், வயசு எல்லாம் கேட்டார்கள். நன்றாகச் சறுக்கத் தெரியுமா என்றும் கேட்டார்கள். பழகத் தொடங்குகிறவள் என்று உள்ளதைச் சொன்னேன். பூட்ஸைப் பலகையோடு பூட்டுகிற பிடிப்பில் ஒரு சுருள்வில் இருக்கிறது. நாம் சொல்வதை வைத்துத்தான் அதை முறுக்குகிறார்கள். விழும்போது காலெலும்பு முறுகுவதற்கு முன்னால் பலகை தானாகக் கழன்றுவிட வேண்டும், அதற்குத்தான். போன தடவை இதை யாரும் எனக்கு விளக்கவில்லை. பாதிப் பயம் அந்தக் கடையிலேயே போய்விட்டது.

மற்றவர்கள் மேலே போய்விட, நான் ஊரை ஒட்டிய சின்னச் சரிவில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்த அம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும். கோடையில் மலைமேல் மாடு மேய்க்கிற விவசாயக் குடும்பம், பனிக்காலத்தில் இந்த வேலை. அவர் முதலில் சொன்ன சொல் 'ஃப்ளூக்'. ஜெர்மனில் அதற்குக் கலப்பை என்றே அர்த்தம் அப்பா! இரண்டு பலகைகளின் முன்நுனியையும் கிட்டக் கொண்டுவந்து, பின்பக்கத்தை அகட்டி, உள்விளிம்பால் பனியை அழுத்தவேண்டும். பனி உழுதது மாதிரி ஒதுங்கும், வேகம் குறையும். இன்னும் அகட்டினால் நின்றுவிடும். இடது பக்கம் திரும்ப வலது காலை அழுத்தவேண்டும், வலது பக்கம் திரும்ப இடது காலை.

கேட்கச் சுலபம்தான். எனக்குக் கால் விறைத்துக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்த அழுத்த, பலகை இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, விழுந்தேன். எழுந்திருப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே, நமக்குக் கீழ்ப்பக்கமாகப் போட்டுக்கொண்டுதான் எழவேண்டும். நேராகப் போட்டால் எழுவதற்குள் வழுக்கிக்கொண்டு போய்விடும். அந்த அம்மா வந்து என் முட்டியைத் தொட்டு, தளர விடு என்றார். அண்ணன் முதல்முதலாக ஏர் பிடித்தபோது, "மேழியை முறுக்கிப் பிடிக்காதடா, மாடு போகுது, நீ கூடப் போ" என்று நீங்கள் வரப்பிலிருந்து சத்தம் போட்டது அப்படியே காதில் விழுந்தது. அதற்கப்புறம்தான் கால் இளகியது.

மூன்றாம் நாள் கிளைனே ஷைடெக்கிலிருந்து ஒரு நீலத் தடத்தில் இறங்கினோம். நீலம் என்றால் எளிது, சிவப்பு நடுத்தரம், கருப்பு கடினம். ராத்திரி முழுக்க இயந்திரம் ஓட்டிப் பனியை வாரிவிட்டிருந்தார்கள். காலை வெயிலில் அது புதிதாக உழுத புழுதிக்காடு மாதிரி வரிவரியாகக் கிடந்தது. ஒரு வளைவில் சரிவு கண்ணுக்குத் தெரியாமல் கீழே போய்விட்டது, ஓரத்தில் ஒரு ஊசியிலை மரம். என் கண் அந்த மரத்தை விட்டு நகரவில்லை, பலகையும் அந்தப் பக்கமே போனது. பின்னாலிருந்து அந்த அம்மா கத்தினார்: மரத்தைப் பார்க்காதே, போகவேண்டிய இடத்தைப் பார்!

கண்மாய்க்கரையில் வாடகை சைக்கிளின் சீட்டைப் பிடித்துக்கொண்டு நீங்கள் ஓடிவந்தது நினைவிருக்கிறதா? "கருவேல மரத்தைப் பார்க்காத பாப்பா, பாதையைப் பாரு, கண்ணு போற பக்கந்தான் வண்டி போகும்." அன்றைக்கு மரத்தில்தான் போய் மோதினேன். இந்தத் தடவை பாதையைப் பார்த்தேன். வலது காலை அழுத்தினேன், பலகை மெதுவாக இடப்பக்கம் திரும்பியது, மரம் தோளுக்குப் பக்கத்தில் கடந்துபோனது. கீழே போய் நின்றபோது அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

அன்றைக்குச் சமையல் என் முறை. சோறு வைத்து, மிளகு ரசமும் அம்மா கொடுத்துவிட்ட பருப்புப்பொடியும். ஒன்பது பேரும் பாத்திரத்தை வழித்துச் சாப்பிட்டார்கள். பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். சித்திரைத் திருவிழாவுக்கு வரும்போது வாங்கிக்கொள்கிறேன். அழகர் ஆற்றில் இறங்குவதற்கு நாலு நாள் முன்னாலேயே வந்துவிடுவேன், டிக்கெட் போட்டாயிற்று. ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகும்போது போட்டுக்கொள்ள உங்களுக்குக் கம்பளிக் குல்லா ஒன்று வாங்கியிருக்கிறேன்.

அப்புறம் ஒரு வேலை அப்பா. கடைசி நாள் அந்த அம்மா, உங்கள் ஊர்க் கலப்பை எப்படி இருக்கும் என்று கேட்டார். நுகத்தடி, ஏர்க்கால், கொழு, மேழி என்று பனியில் குச்சியால் வரைந்து காட்டினேன். அவருக்குச் சரியாகப் புரியவில்லை. படம் அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். தொழுவத்துப் பரணில் தாத்தா காலத்துக் கலப்பை இன்னும் இருக்கிறதுதானே? டிராக்டர் வந்த பிறகு யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். அண்ணனை இறக்கச் சொல்லி, தூசி தட்டி, நீங்கள் மேழியைப் பிடித்து நிற்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். சட்டையெல்லாம் மாற்ற வேண்டாம். வயலுக்குப் போகிற துண்டோடு நில்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
பாப்பா