வேகப் பலகை மாறும் இடம்

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. மகள் சட்டப்படிப்பை முடித்துவிட்டாள் என்றதும் மனசு நிறைந்துவிட்டது. அவள் சார்பில் நீ ஒரு கேள்வி கேட்டிருந்தாய்: "ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற ஓட்டுப் போட்டாயிற்று, கிளம்ப வேண்டியதுதானே? பிரிட்டன் ஏன் அவ்வளவு இழுத்தடித்தது?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். 2016 ஜூன் 23 ராத்திரி டிவி முன்னால் விழித்திருந்தேன். விடிவதற்குள் 51.9 சதவீதம் பேர் 'வெளியேறு' என்று சொல்லியிருந்தார்கள். மறுநாளே எங்கள் சரக்கு ஆபீஸில் ஒருவர், "இனி பிரான்ஸ் போகிற லாரிக்கு என்ன பேப்பர்?" என்று கேட்டார். அதற்குப் பதில் கிடைக்க நாலரை வருஷம் ஆனது. 2020 டிசம்பர் 24-ல்தான் வர்த்தக ஒப்பந்தம் முடிவானது.

சிக்கல் வாக்குச்சீட்டிலேயே இருந்தது. இருப்பதா, வெளியேறுவதா என்றுதான் கேட்டார்கள். வெளியேறி எங்கே போய் நிற்பது என்று கேட்கவில்லை. 1973-ல் சேர்ந்ததிலிருந்து பின்னிய வலையை அறுக்க வேண்டும், ஆனால் எந்த இழையை விடுவது என்பதில் ஜெயித்தவர்களுக்குள்ளேயே நாலு அபிப்பிராயம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய முடிச்சு அயர்லாந்து. அந்தத் தீவின் வடக்கு மூலை பிரிட்டனைச் சேர்ந்தது. மீதி தனி நாடு, ஒன்றியத்திலேயே இருக்கிறது. நடுவில் சுமார் 500 கிலோமீட்டர் கோடு. ஒருமுறை காரில் அதைத் தாண்டினேன். வேகப் பலகை மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாறியதை வைத்துத்தான் தாண்டியதே தெரிந்தது. முன்பு அங்கே ராணுவச் சாவடிகள் இருந்தன. எத்தனையோ உயிர்கள் போன பிறகு, 1998 ஒப்பந்தத்தால் வந்த அமைதி அது. அங்கே மறுபடி சுங்கச்சாவடி வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்? ஆனால் இரண்டு பக்கமும் வேறு வேறு வரி, வேறு வேறு விதி என்றால் எங்காவது நிறுத்திப் பார்த்துத்தானே ஆக வேண்டும்?

அப்போதைய பிரதமர் தெரசா மே, வேறு வழி கிடைக்கும்வரை நாடு முழுவதும் ஒன்றியத்தோடு ஒரே சுங்க ஏற்பாட்டில் இருக்கட்டும் என்றார். 2019 ஜனவரியில் நாடாளுமன்றம் அதை 432-க்கு 202 என்று தூக்கியெறிந்தது. அதற்குப் பிறகும் இரண்டு முறை தோற்றார். பின்னால் வந்த போரிஸ் ஜான்சன் அந்த எல்லைக் கோட்டைக் கடலுக்கு நகர்த்தினார், இங்கிலாந்தின் லிவர்பூலிலிருந்து அந்த வடக்கு மூலையின் பெல்ஃபாஸ்ட் போகிற சரக்குக்கு, சொந்த நாட்டுக்குள்ளேயே சோதனை! எந்தப் பிரதமரும் ஒப்புக்கொள்ள முடியாது என்று மே சொல்லியிருந்த ஏற்பாடு அது. 2023-ல் அதையும் திருத்த வேண்டி வந்தது.

கிரீன்லாந்தும் இப்படி வெளியேறியதுதான். 1982-ல் வாக்கெடுப்பு, 1985-ல் வெளியேற்றம். ஐம்பதாயிரம் பேர், முக்கியமான பேச்சு மீனைப் பற்றி. அதற்கே மூன்று வருஷம்!

என் பாட்டைக் கேட்கிறாயா? 2021 தொடக்கத்தில் ஐரோப்பா போகிற பெரிய லாரிகள் எங்கள் கென்ட் மாவட்டத்துக்குள் நுழையவே பர்மிட் வாங்க வேண்டியிருந்தது. இறைச்சி என்றால் கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட சான்றிதழும் வேண்டும். ஒரு எண் பிசகியதால் ஒரு லோடு முழுதாகத் திரும்பி வந்தது. அன்று நான் சாப்பிடவே இல்லை.

சரி, ஜூனில் நீங்கள் வரும்போது இங்கிருந்து நெதர்லாந்துக்குக் கப்பலில் போகலாம். வழிக்குச் சாண்ட்விச் கட்டிக்கொண்டால் உள்ளே இறைச்சி வேண்டாம். 2021 ஜனவரியில் அங்கே லாரி டிரைவர்களின் ஹாம் சாண்ட்விச்சைக்கூடப் பிடுங்கிவிட்டார்கள்.

அன்புடன்,
மூர்த்தி