நவஹோ நிலத்துப் பாறைகளைப் பட்டியலிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

பாறையேற்ற வழித்தட நூல்களின் தொகுப்பாளர்களுக்கும், பதிப்பாளர்களுக்கும், பாறையேறுவோர் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

அமெரிக்கத் தென்மேற்கின் ஏற்ற வழித்தடங்களைத் திரட்டி வெளியிடும் உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். ஷிப்ராக், கேன்யன் டி ஷேயிலுள்ள ஸ்பைடர் ராக், மானுமென்ட் வேலியின் டோட்டம் போல் உள்ளிட்ட நவஹோ தேசத்துப் (நவஹோ பழங்குடியினரின் தன்னாட்சி நிலத்துப்) பாறைகளில் ஏறுவதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தடை இருக்கிறது. ஆயினும் வண்டியை எங்கே நிறுத்துவது, எந்தப் பிளவில் தொடங்குவது, எத்தனை கயிறு நீளம் (ஒரு கயிற்றின் அளவுக்கு ஏறும் கட்டம்), எவ்வழியே இறங்குவது என்பது வரையிலான விவரங்கள் இன்றும் மேம்படுத்தப்பட்டு வெளியாகிக்கொண்டே இருக்கின்றன. அவற்றின் தலைப்பில் 'இங்கே ஏறச் சட்டப்படி அனுமதியில்லை' என்று ஒரு வரி இருக்கும். சற்றுக் கீழே, 'அருகில் வசிக்கும் குடும்பத்தைக் கேட்டுப் பார்க்கலாம்' என்ற பொருளில் இன்னொரு வரி இருக்கும். இரண்டாவது வரி முதல் வரியைச் செல்லாக்காசாக்கிவிடுகிறது. அந்த இரண்டாவது வரியை நீக்குங்கள், அதை நம்பிச் செல்வோருக்கு வழிகாட்டும் விவரங்களையும் நீக்குங்கள் என்பதே என் கோரிக்கை.

இந்தப் பாறைகளின் மீது நம்மவர்களுக்குள்ள ஈர்ப்பு எனக்குப் புரியாததல்ல. நானும் இப்பகுதியில் பாறையேறுகிறவன்தான். நியூ மெக்சிகோவின் வடமேற்கு மூலையில், சமவெளியிலிருந்து ஏறத்தாழ 1,580 அடி உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் ஷிப்ராக், பழைய எரிமலை ஒன்றின் தொண்டைக்குள் இறுகிய பாறை. அதைச் சுற்றியிருந்த மென்மையான மண்ணெல்லாம் அரித்துப் போனபின் எஞ்சியது. 1939 அக்டோபரில் டேவிட் பிரௌவர், ராஃபி பெடெய்ன், பெஸ்டர் ராபின்சன், ஜான் டயர் ஆகிய நால்வர் அதன் உச்சியை எட்டியபோது, பாறையில் துளையிட்டு போல்ட் அடித்தார்கள். அமெரிக்க மலையேற்றத்தில் இப்படித் துளைக்குள் விரிந்து இறுகும் போல்ட் பயன்பட்டது அதுவே முதல் முறை என்று நம் வரலாறுகள் பதிவு செய்கின்றன. 1956இல் ஜெரி கால்வாஸ், மார்க் பவல், டான் வில்சன் மூவரும் ஸ்பைடர் ராக்கில் ஏறினார்கள். அடுத்த ஆண்டு இவர்களுடன் பில் ஃபியூரரும் சேர்ந்து டோட்டம் போலில் ஏறினார். நம் கலையின் வரலாற்றில் இவையெல்லாம் பெரிய நிகழ்வுகளே. அவற்றை யாரும் அழிக்கச் சொல்லவில்லை. வரலாறாக எழுதுவதும், நாளைக் காலை ஏறப் போகிறவனுக்கான குறிப்பாக எழுதுவதும் வெவ்வேறு என்பதைத்தான் நினைவூட்டுகிறேன்.

1970 மார்ச் மாத இறுதியில் ஷிப்ராக்கில் நேர்ந்த விபத்தில் மூவர் படுகாயமடைந்தார்கள். அதையடுத்தே நவஹோ அரசு தன் நிலம் முழுவதிலும் பாறையேற்றத்துக்குத் தடை விதித்தது. விதிவிலக்குக்கு இடமற்ற, முழுமையான தடை என்று அப்போதே தெளிவாக அறிவித்தது. இதற்குப் பிறகு, 1979இல் வெளிவந்த, வட அமெரிக்காவின் ஐம்பது சிறந்த ஏற்றங்களைத் தொகுத்த புகழ்பெற்ற நூல் ஒன்று ஷிப்ராக்கையும் அந்த ஐம்பதில் சேர்த்தது. பட்டியல் என்று ஒன்று கையில் கிடைத்தால் அதை முழுவதும் முடித்தாக வேண்டும் என்ற வெறி நம்மில் பலருக்கு உண்டு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நூல்கள் விற்பதே அதனால்தான். தடை செய்யப்பட்ட பாறை ஒன்று அந்தப் பட்டியலில் இருக்கும்வரை, இரவில் விளக்கில்லாமல் மண்சாலையில் வண்டியோட்டிச் சென்று, விடியும் முன் முதல் கயிறு நீளத்தை முடித்துவிடும் ஆட்கள் இருந்துகொண்டேதான் இருப்பார்கள்.

இந்தத் தடையை வெறும் பாதுகாப்பு விதியாகச் சுருக்கிச் சொல்வோரும் நம்மிடையே உண்டு: அன்றைய கருவிகள் மோசம், இன்றைய கருவிகள் மேல், ஆகவே தடை காலாவதியாகிவிட்டது என்பது அவர்கள் வாதம். விபத்து தடைக்கு உடனடிக் காரணமாக இருந்தது உண்மை. ஆனால் ஒருவர் உயிர்விட்ட இடத்தை விட்டு விலகி இருப்பது தினே மக்களின் (நவஹோ மக்கள் தம்மை அழைத்துக்கொள்ளும் பெயர் இது) பழைய வழக்கம். ஷிப்ராக்கைப் பற்றிய அவர்களுடைய கதைகளுள் ஒன்றில், மக்கள் ஒரு காலத்தில் அதன் உச்சியில் குடியிருந்து, பயிர் செய்யவும் தண்ணீர் எடுக்கவும் மட்டும் கீழே வந்துபோனார்கள். ஒரு நாள் இடி விழுந்து பாதை உடைந்தபோது, கீழே இருந்த ஆண்களால் மேலே போக முடியாமல், பெண்களும் குழந்தைகளும் அங்கேயே பட்டினியில் மாண்டார்கள். அந்த இறந்தோரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதால் அங்கே யாரும் ஏறக் கூடாது. கேன்யன் டி ஷேயின் தரையிலிருந்து சுமார் 800 அடி எழும் ஸ்பைடர் ராக், தினே மக்களுக்கு நெசவு கற்றுக்கொடுத்த சிலந்திப் பெண்ணின் வீடு. அடம்பிடிக்கும் பிள்ளைகளை அவள் மேலே தூக்கிப் போய்விடுவாள் என்றும், உச்சியில் வெண்மையாகத் தெரிவது அப்பிள்ளைகளின் எலும்புகளே என்றும் பெரியவர்கள் சொல்லிப் பயமுறுத்துவதுண்டு. இக்கதைகளை நாம் நம்ப வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. ஒருவர் வீட்டுக்குள் நுழைய அவருடைய நம்பிக்கையை நாம் ஏற்க வேண்டியதில்லை, ஆனால் அவருடைய சம்மதம் வேண்டும்.

சம்மதம் என்று வரும்போதுதான் 'அருகில் வசிக்கும் குடும்பம்' என்ற உத்தி உள்ளே வருகிறது. நவஹோ நிலத்தின் பெரும்பகுதி, பழங்குடி முழுவதற்குமாக அமெரிக்க அரசு பொறுப்பில் வைத்திருக்கும் நிலம். தனியார் பட்டா நிலம் போன்றதன்று. அங்கே ஆடு மாடு மேய்க்கும் குடும்பத்தின் கையில் இருப்பது மேய்ச்சல் உரிமம். அந்த உரிமம் பிறந்த கதையையும் நம்மவர்கள் அறிந்திருப்பது நல்லது. 1930களில், மேய்ச்சலால் மண் அரித்து, கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஹூவர் அணைக்குள் வண்டல் சேரும் என்று அஞ்சிய வாஷிங்டன் அதிகாரிகள், நவஹோ மக்களின் ஆடுகளைப் பெருமளவில் குறைக்கச் செய்தார்கள். கொன்ற ஆடுகள் பல இடங்களில் அப்படியே அழுகக் கிடந்தன. அதன் பிறகு எஞ்சிய மந்தைகளுக்கு எண்ணிக்கை வரம்பு கட்டவே இந்த உரிமங்கள் வழங்கப்பட்டன. இத்தனை ஆடுகளுக்கு மேல் வைத்துக்கொள்ளாதே என்று மக்கள் தலையில் கட்டப்பட்ட காகிதம், புனிதப் பாறையில் அந்நியரை ஏற்றிவிடும் அதிகாரத்தைத் தருகிறது என்று வாதிட நமக்கு மட்டும்தான் தோன்றும். இருபது டாலரையோ சில குடம் தண்ணீரையோ கையில் கொடுத்து ஒரு பாட்டியிடம் 'சரி' வாங்கிவிட்டதாகப் பெருமையாகச் சொல்லப்படும் கதைகளை நீங்களும் கேட்டிருப்பீர்கள். குழாய்த் தண்ணீர் இன்னும் எட்டாத வீடுகள் பல உள்ள நாடு அது. அந்தப் பாட்டி மறுக்கத்தக்க நிலையில் இருந்தாரா என்பதையும், அடுத்த வாரம் அவருடைய சாப்டர் (உள்ளூராட்சி) கூட்டத்தில் அவர் அக்கம்பக்கத்தாருக்கு என்ன பதில் சொல்ல நேர்ந்தது என்பதையும் அக்கதைகளைச் சொல்பவர் ஒருபோதும் குறிப்பிடுவதில்லை.

தடை உண்மையில் அமலில் இல்லை, யாரும் பிடிப்பதில்லை என்பது இன்னொரு வாதம். யாரும் பிடிப்பதில்லை என்பதன் காரணம் நமக்குப் பெருமை தருவதாக இல்லை. பழங்குடி அல்லாதவர்கள் மீது பழங்குடி அரசுகளுக்குக் குற்றவியல் அதிகாரம் இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978இல், ஆலிஃபன்ட் வழக்கில், தீர்ப்பளித்துவிட்டது. பழங்குடி நிலத்தில் அத்துமீறி நுழைவதைக் குற்றமாக்கும் கூட்டரசுச் சட்டமோ வேட்டை, பொறி வைத்தல், மீன்பிடித்தல் ஆகியவற்றுக்கு மட்டுமே பொருந்தும். கயிற்றோடு வருகிறவனை அது தொடாது. ஆகவே நவஹோ தலைநகரான விண்டோ ராக்கில் உள்ள அரசால் பாறையேறியை எல்லைக்கு வெளியே அனுப்பலாம், உரிமையியல் வழியில் அபராதம் கேட்கலாம். அதற்கு மேல் பெரிதாக எதுவும் செய்ய இயலாது. அதையும் ஏறத்தாழ 27,000 சதுர மைல் பரப்பில், மூன்று மாநிலங்களில் விரிந்து கிடக்கும் நிலத்தில், அந்தச் சிறிய காவல் துறையே செய்ய வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் கையை வேறு யாரோ கட்டி வைத்திருக்கும்போது, அவர் தடுக்கவில்லையே என்று உள்ளே நுழைவதற்கு ஒப்பானது இந்த வாதம்.

எழுத்து வடிவில் உரிமை வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. 1864 முதல் நியூ மெக்சிகோவின் கிழக்கிலுள்ள போஸ்க் ரெடொண்டோ முகாமில் அமெரிக்க இராணுவத்தால் அடைக்கப்பட்டிருந்த நவஹோ மக்கள், 1868 ஜூன் 1 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தின் பேரில் தம் நிலத்துக்குத் திரும்பினார்கள். அந்த ஒப்பந்தத்தின் இரண்டாவது பிரிவு, அதிகாரம் பெற்ற அலுவலர்கள் தவிர வேறெவரும் அந்நிலத்தைக் கடந்து செல்லவோ, குடியேறவோ, வசிக்கவோ அனுமதிக்கப்படமாட்டார்கள் என்கிறது. கேன்யன் டி ஷே முழுவதும் அதற்குள் அடங்க வேண்டும் என்பதையும் அதே பிரிவு தனியே குறிப்பிடுகிறது. ஷிப்ராக்கும் அந்த 1868ஆம் ஆண்டு எல்லைக்குள்தான் வருகிறது. மானுமென்ட் வேலி பின்னர் சேர்க்கப்பட்டது.

வயோமிங் மாநிலத்தின் டெவில்ஸ் டவர் பாறையை இங்கே எடுத்துக்காட்டுவோருக்கும் ஒரு சொல். அங்கே 1995 முதல், லகோட்டா முதலிய பழங்குடியினரின் சடங்குகளுக்காக ஜூன் மாதத்தில் ஏறாதிருக்குமாறு தேசியப் பூங்காத் துறை நம்மிடம் கேட்டுக்கொள்கிறது. மற்ற மாதங்களில் ஏறலாம். அதே போன்ற சமரசத்தை நவஹோ மக்களும் ஏன் ஏற்கக் கூடாது என்று கேட்கிறார்கள். டெவில்ஸ் டவர் கூட்டரசின் பொது நிலம். அங்கே நாமும் பழங்குடியினரும் மூன்றாவது ஒருவர் முன்னால் நின்று இடம் கேட்கிறோம். ஷிப்ராக்கில் அப்படி மூன்றாவது ஆள் கிடையாது. நிலத்தின் உரிமைக்காரரே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். 1970களின் நடுவில் ஹாலிவுட் படக்குழு ஒன்றுக்கு, பாறையில் கிடந்த பழைய ஆணிகளை அகற்றிவிட வேண்டும் என்ற ஏற்பாட்டோடு, டோட்டம் போலில் ஏற அனுமதி கிடைத்ததைச் சுட்டிக்காட்டி, 'பணக்காரனுக்கு ஒரு நீதியா' என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கோபம் நியாயமற்றதென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் குழு விண்டோ ராக்கில் கேட்டது, பதில் பெற்றது. கேட்காமல் ஏறியவருக்கு அந்த முன்மாதிரி உதவாது.

நம் சமூகத்தின் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2016 டிசம்பரில் யூட்டா மாநிலத்தில் அறிவிக்கப்பட்ட பேர்ஸ் இயர்ஸ் தேசிய நினைவுச் சின்னம் அடுத்த ஆண்டே மிகப் பெரிய அளவில் சுருக்கப்பட்டபோது, நவஹோ, ஹோப்பி, சூனி முதலிய ஐந்து பழங்குடிகள் நீதிமன்றம் சென்றன; பாறையேறுவோர் அமைப்புகளும் வழக்குத் தொடுத்தன. 2021இல் அந்த எல்லை மீட்கப்பட்டது. அதற்குள் அடங்கும் இண்டியன் கிரீக்கின் பாறைப் பிளவுகளில் நாம் இன்று ஏறும் நிலத்தின் பாதுகாப்பில் அந்தப் பழங்குடிகளின் உழைப்பு இருக்கிறது. யூட்டாவில் அவர்களைத் தோழர்கள் என்று அழைத்துவிட்டு, எல்லைக்கோட்டைக் கடந்ததும் அவர்களுடைய சட்டத்தை ஓரமாக வைப்பது எப்படிப் பொருந்தும் என்று உங்கள் ஆசிரியர் குழுக் கூட்டத்தில் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

ஆகவே, அடுத்த பதிப்பிலும் இணையப் பட்டியல்களிலும் நீங்கள் செய்யக்கூடியதை நேராகவே சொல்கிறேன். நவஹோ நிலத்துப் பாறைகளுக்கு வரலாற்றுப் பக்கம் ஒன்று இருக்கட்டும். யார் எப்போது ஏறினார்கள், தடை எப்போது, யாரால் வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அணுகும் சாலை, தொடங்கும் இடம், கயிறு நீளங்கள், இறங்கும் வழி, கடின அளவு ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். தடைக்குப் பிந்தைய ஏற்றங்களைச் சாதனைக் குறிப்புகளாக வெளியிடாதீர்கள். புகைப்படப் போட்டிகளிலும் அவற்றை ஏற்காதீர்கள். குடும்பத்தைக் கேட்கலாம் என்ற வரியை முற்றாக நீக்கிவிட்டு, அனுமதி வழங்கும் அதிகாரம் நவஹோ தேசத்துக்கே உண்டு என்று எழுதுங்கள்.

தடை என்றைக்கும் மாறக் கூடாது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. தினே இளைஞர்களிடையே இன்று பாறையேறுகிறவர்கள் இருக்கிறார்கள்; தங்கள் நிலத்தில் எந்தப் பாறையைத் தொடலாம், எதைத் தொடவே கூடாது என்று அவர்கள் தங்கள் பெரியவர்களோடு பேசட்டும். அந்தப் பேச்சில் நமக்கு இடமிருந்தால் அவர்கள் அழைப்பார்கள். அதுவரை சங்கங்கள் ஏதேனும் கேட்க விரும்பினால், நவஹோ பூங்காத் துறைக்குச் சங்கத்தின் பெயரில் வெளிப்படையாகக் கடிதம் எழுதட்டும். மீட்புப் பணியின் செலவை யார் ஏற்பார், விபத்தில் ஒருவர் இறந்தால் அந்த இடத்துக்கு என்ன செய்யப்படும் என்பதையும் அக்கடிதத்திலேயே சொல்லட்டும். வரும் பதில் 'முடியாது' என்று இருந்தால், அதை அப்படியே, முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நியூ மெக்சிகோவில் வாழும் ஒரு பாறையேறி