நாக்குப் புற்றுநோய் பாக்குற டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் டாக்டர்.

எங்க அம்மாவுக்கு நாக்கு ஓரத்துல ஒரு புண்ணு வந்துச்சு, பல்லு உரசுதுன்னு சொல்லி பல்லைத் தேச்சு விட்டாங்க, ஜெல் குடுத்தாங்க, வைட்டமின் மாத்திரை குடுத்தாங்க, அப்படியே ரெண்டு மாசம் ஓடிருச்சு. மூணு வாரம் ஆகியும் ஆறாத புண்ணை பயாப்ஸிக்கு (துணுக்கு எடுத்துப் புற்றான்னு பாக்குற டெஸ்ட்) அனுப்பணும்னு நீங்க எல்லாரும் படிச்சதுதானே. அம்மா புகையிலை, பாக்கு எதையும் தொட்டதில்ல, அதனாலயே யாருக்கும் சந்தேகம் வரல போல.

ஆபரேஷன் முடிஞ்சப்ப "சின்னக் கட்டிதான், ஒன்றரை சென்டிமீட்டர், பயப்படாதீங்க"ன்னாங்க. அதே ரிப்போர்ட்ல ஆழம் 7 மில்லிமீட்டர்னு ஒரு வரி இருந்துச்சு, அதைப் பத்தி யாரும் வாயே திறக்கல. 2018-லேர்ந்து நடைமுறைல இருக்குற ஸ்டேஜிங்ல, அதாவது நோய் எந்தக் கட்டத்துல இருக்குன்னு சொல்ற கணக்குல, அகலம் மட்டும் கணக்கில்ல, ரெண்டு சென்டிமீட்டருக்குள்ள இருந்தாலும் 5 மில்லிமீட்டரைத் தாண்டி உள்ள இறங்கிட்டா டி1 இல்ல, அடுத்த படியான டி2. ஆழம் கூடக் கூட கழுத்து நெறிக்கட்டிக்குப் பரவுற வாய்ப்பும் கூடுது, ஸ்கேன்ல ஒண்ணும் தெரியலன்னாலும் உள்ள இருக்கலாம். மும்பை டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரி டாக்டர்கள் 2015-ல வெளியிட்ட ஆய்வுல, ஆரம்பத்துலயே நெறிக்கட்டியையும் சேத்து எடுத்தவங்கள்ல மூணு வருஷம் கழிச்சு 80 சதவீதம் பேர் உயிரோட இருந்தாங்க, வந்தா பாத்துக்கலாம்னு விட்டவங்கள்ல 67.5 சதவீதம்.

அம்மாவுக்குக் கழுத்தைத் தொடவே இல்ல. ஏன் தொடலன்னும் சொல்லல.

எட்டாவது மாசம் தாடைக்குக் கீழ ஒரு கட்டி. வலி இல்ல, அதனால அம்மா எங்ககிட்ட சொல்லவும் இல்ல, நாங்களும் நல்லாத்தானே சாப்புடுறாங்கன்னு ஒரு செக்கப்பைத் தள்ளிப் போட்டிருந்தோம். புற்று திரும்பி வர்றது பெரும்பாலும் முதல் ரெண்டு வருஷத்துக்குள்ளதான்னு அன்னைக்கே ஒருத்தர் அழுத்திச் சொல்லியிருந்தா நாங்க தள்ளிப் போட்டிருப்போமா?

உங்களுக்கு நேரம் இல்லன்னு தெரியும், வெளிய வரிசை நிக்குறதையும் பாக்குறோம். ஆனா டிஸ்சார்ஜ் அன்னைக்கு அஞ்சு நிமிஷம் உக்காந்து ஆழம் எவ்வளவு, வெட்டி எடுத்ததோட ஓரத்துல புற்று மிச்சமில்லாம சுத்தமா வந்துச்சா, கழுத்துக்கு என்ன முடிவு எடுத்தீங்க, ஏன் எடுத்தீங்கன்னு எங்க பாஷைல சொல்லுங்க. வலிக்காத கட்டியும் காட்டணும், ஒரு பக்கக் காதுவலி விடாம இருந்தாலும் வரணும், நாக்கு இறுக்கமானா அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்கக் கூடாதுன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க.

கழுத்து ஆபரேஷன் முடிஞ்சு அம்மா இப்ப ரேடியேஷன்ல இருக்காங்க, 30-ல 11 முடிஞ்சிருக்கு.