ஸ்கேன் உறையில் ஓர் எண் எழுதுங்கள்

சேலம் மாநகர ஸ்கேன் மைய உரிமையாளர்களுக்கு,

வணக்கம். 31 ஆண்டுகள் இந்த ஊரில் எக்ஸ்ரே எடுத்துப் பிழைத்தவன் நான். உங்களில் சிலரிடம் சம்பளமும் வாங்கியிருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சட்டையில் ஒரு டி.எல்.டி. பேட்ஜைக் குத்திவிட்டார்கள்; எங்கள் மேல் படும் கதிர்வீச்சை அளக்கும் அட்டை அது. உள்ளே கால்சியம் சல்பேட் கலந்த மூன்று சிறு வட்டுகள். படுகிற கதிர்வீச்சைத் தேக்கிவைத்துக்கொண்டு, பிறகு சூடாக்கும்போது வாங்கிய அளவுக்கேற்ப அவை ஒளிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேட்ஜ் போகும், எண் வரும். உடம்பு வாங்கிய கதிர்வீச்சை, அதாவது டோஸை, மில்லிசீவர்ட் என்ற அலகில் சொல்வார்கள். ஐந்தாண்டுச் சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டைத் தாண்டக்கூடாது. எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டவே கூடாது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு அது. (பேட்ஜை எக்ஸ்ரே அறை ஆணியில் மாட்டிவிட்டு டீ குடிக்கப் போன சகாக்களும் உண்டு. சுவர் வாங்கிய டோஸுக்கு அவர்கள் உட்கார்ந்து விளக்கம் எழுதினார்கள்.)

ஆக, கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற என் கணக்கு முழுவதும் தாளில் இருக்கிறது. அந்தப் பக்கம் மேசையில் படுத்தவர்களுக்கு? நோயாளிக்கு வரம்பு கிடையாது. அது சரியான ஏற்பாடுதான். மண்டையில் ரத்தக்கசிவோடு வருபவரிடம் உங்கள் பங்கு தீர்ந்துவிட்டது என்றா சொல்ல முடியும்? ஆனால் வரம்பு வேண்டாம் என்றால் கணக்கும் வேண்டாம் என்று எப்படி ஆனது?

போன மழைக்காலத்தில் ஏற்காட்டிலிருந்து ஒரு பெரியவர் என்னைப் பார்க்க வந்தார். காபித் தோட்டத்தில் வேலை. மஞ்சப்பையைக் கவிழ்த்தால் மூன்று சி.டி. ஸ்கேன் உறைகள்; மூன்றும் வயிறு, மூன்றும் வெவ்வேறு மையம், எல்லாம் இரண்டு மாதத்துக்குள். மூன்றிலும் அதே சிறுநீரகக் கல், அதே இடத்தில். முதல் உறையை இரண்டாவது இடத்தில் காட்டவில்லையா என்றேன். கேட்டால்தானே காட்டுவது என்றார். பிறகு அவர் கேட்டார்: "எனக்கு எவ்வளவு கதிர் ஏறியிருக்கும்?" உறைகளையும் அறிக்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மையத்தின் தொலைபேசி எண் முன்னும் பின்னும் இருந்தது. டோஸ் எங்கும் இல்லை.

அந்த எண் உங்களிடம் இல்லாமல் இல்லை. ஸ்கேன் முடிந்ததும் கன்சோல் திரையில் டி.எல்.பி. என்று, அந்த ஸ்கேனில் மெஷின் தந்த மொத்தக் கதிரின் அளவு வருகிறதே, அதுதான். பெரியவர்களின் வயிற்று ஸ்கேனுக்கு அதை 0.015-ஆல் பெருக்கினால் தோராயமாக மில்லிசீவர்ட் கிடைக்கும். 600 என்றால் 9. மண்ணும் பாறையும் வானமும் மூச்சில் கலக்கும் ரேடானும் சேர்ந்து ஒரு மனிதருக்கு ஆண்டுக்குத் தருவது, உலகச் சராசரியில், 2.4. இயற்கை மூன்றே முக்கால் ஆண்டில் தருவதை நாம் சில நொடிகளில் தந்துவிடுகிறோம். காரணத்தோடு ஒருமுறை என்றால் அது நல்ல பேரம்தான். புற்றுநோய் அபாயம் மிகச் சிறியது. ஆனால் சிறியது என்பதற்காக அதை மூன்று முறை கொடுக்க வேண்டியதில்லை. குழந்தைகள் விஷயத்தில் நிச்சயமாக இல்லை.

எண்ணைப் போட்டால் ஜனங்கள் பயந்துவிடுவார்கள் என்று உங்களில் ஒருவர் என்னிடமே சொன்னார். சுகர் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று டவுன் பஸ்ஸில் முன்பின் தெரியாதவரிடம் ஒப்பிடுகிற ஊர் ஐயா இது. இன்னொரு எண்ணைத் தாங்கமாட்டார்களா?

பழக்கத்தை விடுவது கஷ்டம் என்பது எனக்கும் தெரியும். நோயாளியின் இடுப்பில் ஈயத்தகடு வைத்து மறைப்பதை ஒரு சேவையாகவே செய்துவந்தேன். 2019-ல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் அந்த வழக்கத்தை நிறுத்தச் சொன்னது. தகடு படப்பரப்புக்குள் நகர்ந்துவிட்டால், உடம்பு தடிமன் என்று நினைத்து மெஷின் தானாகவே டோஸைக் கூட்டிவிடும் என்பது ஒரு காரணம். படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. (குழந்தையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தாய்க்கு லெட் ஏப்ரன் இன்றும் கட்டாயம் வேண்டும். அதை மடித்து மூலையில் போடாதீர்கள். மடிப்பில் ஈயம் விரிசல் விடும்.)

எக்ஸ்ரே துகள்களை (போட்டான்) ஒவ்வொன்றாக எண்ணி, குறைந்த கதிரில் தெளிவான படம் தரும் புதுவகை சி.டி. வந்துவிட்டது. நம் ஊருக்கும் வரட்டும். அதற்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை. பணம் கட்டும் இடத்தில் இருக்கும் பெண், "பழைய ஸ்கேன் இருக்கிறதா?" என்று கேட்கட்டும். அறிக்கையின் கடைசி வரியில் தேதியோடு டி.எல்.பி. ஏறட்டும். அச்சடிக்க முடியாவிட்டால் உறையில் பேனாவால் எழுதுங்கள்.

அந்தப் பெரியவருக்கு அடுத்த மாதம் மறுபரிசோதனை. மலையிலிருந்து இறங்கி உங்களில் யாரோ ஒருவரிடம்தான் வருவார். மஞ்சப்பை கையில் இருக்கும். கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரேடியோகிராபர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்