ஆட்டத்தையும் அச்சிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

2025 பிப்ரவரியில் நெதர்லாந்தின் விக் ஆன் ஜீயில் நடந்த சதுரங்கப் போட்டியில் குகேஷ், பிரக்ஞானந்தா இருவருமே கடைசிச் சுற்றில் தோற்று, தலா 8.5 புள்ளியுடன் சமநிலையில் நின்றார்கள். சமநிலையை முறிக்கும் டைபிரேக்கரில் முதல் ஆட்டம் குகேஷுக்கு, அடுத்தது பிரக்ஞானந்தாவுக்கு. மூன்றாவதையும் வென்று பட்டத்தைத் தட்டிச் சென்றார் பிரக்ஞானந்தா. என்ன ஒரு போராட்டம்! அப்புறம் புகாரெஸ்ட், தாஷ்கண்ட் பட்டங்களும் அவருக்கே. செப்டம்பரில் சாமர்கண்டில் அவருடைய அக்கா வைஷாலி, தொடர்ந்து இரண்டாவது முறையாக மகளிர் கிராண்ட் சுவிஸ் சதுரங்கப் பட்டம் வென்றார்.

இவற்றுக்கெல்லாம் உங்கள் இதழில் கோப்பையோடு ஒரு படமும் நாலு வரியும் போதாது. புள்ளிப் பட்டியலோடு, திருப்பம் தந்த ஓர் ஆட்டத்தின் நகர்வுகளையும் வெளியிட்டால், பிள்ளைகள் பலகையை விரித்து ஆடிப் பார்ப்பார்கள். வாரம் ஒருமுறையாவது இதற்கு இடம் ஒதுக்குங்கள்.

- ஒரு வாசகர், திருநெல்வேலி